மரம் விற்ற ஊர் மரக்கரண்டி செய்த கதை

ஒகெத்தோவுக்கு இப்போது ரயில் கிடையாது. ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் கிதாமியையும் இகேடாவையும் இணைத்து 140 கிலோமீட்டர் ஓடிய பாதை 2006 ஏப்ரலில் நின்றுபோனது. அதன்பிறகு சாலை வழிதான். தொகொரோ ஆற்றின் மேல்பகுதியில், சுற்றிலும் காடு, நடுவில் கொஞ்சம் விளைநிலம், 3000 பேர்கூட இல்லாத ஊர். பக்கத்து ஊரான ரிகுபெத்சு, ஜப்பானிலேயே அதிகக் குளிரடிக்கும் ஊர் என்று பெயர் எடுத்தது. அங்கே ஜனவரி, பிப்ரவரியில் வெப்பநிலை மைனஸ் 30 டிகிரிக்குக் கீழே இறங்குவதுண்டு.

ஒகெத்தோவின் பட்டறைகளில் மரத்தால் ஸ்பூன், கரண்டி, வெண்ணெய் தடவும் கத்தி, சாப்பாட்டுக் குச்சி, கிண்ணம், தட்டு எல்லாம் கையால் செய்கிறார்கள். 'ஒகெ கிராஃப்ட்' என்ற பெயரில் அவை நாடு முழுக்கப் போகின்றன. ஜப்பான், கிராமம், மரவேலை என்ற மூன்று சொற்களையும் சேர்த்துக் கேட்டால் பாட்டன் முப்பாட்டன் காலத்துத் தொழில் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் இது 1983-ல் தொடங்கியது. ஜப்பானில் மரபுக் கைவினைகளுக்கென்று 1974-ல் ஒரு சட்டம் வந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டு தொடர்ந்து வரும் தொழில்நுட்பம் இருந்தால்தான் அந்தச் சட்டத்தின்படி அரசு முத்திரை கிடைக்கும். ஒகெத்தோவின் மரவேலைக்கு அதில் பாதி வயதுகூட ஆகவில்லை. ஒரு ஊர் கூடிப் பேசி, யோசித்து, இதைத்தான் செய்யப்போகிறோம் என்று எடுத்த முடிவு இது. எனக்கு இந்த ஊர்மேல் இவ்வளவு பிரியம் வந்ததற்குக் காரணமும் அதுதான்.

அந்த முடிவு எப்படி வந்தது என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஒகெத்தோ காட்டை நம்பி வாழ்ந்த ஊர். எஸோமாத்சு, தொதோமாத்சு என்ற ஊசியிலை மரங்களை வெட்டி, பனியில் குதிரை பூட்டி இழுத்து, அறுப்பு ஆலைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வெளியூருக்கு அனுப்புவார்கள். குதிரைகள் போன பிறகும் அந்த இழுப்பை ஊர் மறக்கவில்லை. கோடைத் திருவிழாவில் ஆட்கள் குழுவாகச் சேர்ந்து, கட்டை ஏற்றிய சறுக்குவண்டியைக் குதிரைபோல் இழுத்து ஓடுகிறார்கள். அந்தப் போட்டிக்கு 'மனிதக் குதிரைப் பந்தயம்' என்ற பொருளில்தான் பெயர்.

1954 செப்டம்பர் 26-ம் தேதி வந்த புயல் ஹொக்கைடோவின் காடுகளைப் புரட்டிப் போட்டது. தோயாமாரு என்ற பயணிகள் கப்பல் அந்தப் புயலில் கவிழ்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதனால் புயலுக்கே அந்தக் கப்பலின் பெயர் நிலைத்துவிட்டது. தீவின் நடுமலைப் பகுதியில் நூற்றாண்டுகளாக நின்ற எஸோமாத்சு காடுகள் ஒரே இரவில் சாய்ந்தன. சாய்ந்த மரங்களை எடுத்து முடிக்கவே ஆண்டுகள் பிடித்தன. அப்புறம் 1964-க்குள் வெளிநாட்டு மர இறக்குமதிக்கு இருந்த தடைகள் எல்லாம் நீங்கின. 1955-ல் ஜப்பானுக்கு வேண்டிய மரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் உள்நாட்டிலிருந்தே கிடைத்தது. 2000-களின் தொடக்கத்தில் அது 20 விழுக்காட்டுக்கும் கீழே போய்விட்டது. மலைக்கிராமங்களில் அறுப்பு ஆலைகள் மூடப்பட்டன, இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். ஒகெத்தோவிலும் அதே கதைதான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மரம் நன்றாக விற்ற காலத்திலும் ஊரில் தங்கிய பணம் குறைவு. கட்டையாகவோ பலகையாகவோ ஊரை விட்டுப் போன மரம், வேறு ஊரில் வீடாகவும் மேசையாகவும் மாறியது. கூலி இங்கே, வேலைப்பாட்டின் மதிப்பு அங்கே. காட்டுக்கு நடுவில் குடியிருந்தவர்கள் வீட்டில் பிளாஸ்டிக் கிண்ணத்தில் சாப்பிட்டார்கள்.

ஒகெத்தோவிடம் வேறு ஒரு சொத்து இருந்தது. அதன் நூலகம். 1970-களில், தலைக்கு எத்தனை புத்தகம் இரவல் போகிறது என்ற கணக்கில் ஜப்பானிலேயே முதலிடம் பிடித்த ஊர் இது. பண்ணை வீடுகளுக்கு வண்டியில் புத்தகம் போகும். ஊர்ச் சமுதாயக் கூடத்தில் பெரியவர்களுக்கான வகுப்புகள் நடக்கும். ஜப்பானில் இதற்கெல்லாம் 'சமூகக் கல்வி' என்று பெயர். நகராட்சி வேலைகளில் அதுவும் ஒன்று. பல ஊர்களில் அது பூ அலங்கார வகுப்போடு நின்றுவிடும். இங்கே அதைப் பார்த்துக்கொண்டவர்கள், "இந்த ஊரில் எதை வைத்துப் பிழைக்கலாம்?" என்ற கேள்வியையே பாடமாக வைத்தார்கள். ஊர் மரத்தை ஊரிலேயே பொருளாக்க முடியுமா என்று கேட்க, தோக்கியோவிலிருந்து ஒருவரை வரவழைத்தார்கள்.

அவர் அகியோகா யோஷியோ. 1920-ல் பிறந்த தொழில்துறை வடிவமைப்பாளர். மித்சுபிஷி பென்சில் நிறுவனத்தின் 'யூனி' பென்சிலைப் பார்த்திருப்பீர்கள். 1958-ல் வந்த அதன் கருஞ்சிவப்பு வடிவமைப்பில் அவர் கை உண்டு. ஜப்பான் வேகவேகமாகப் பொருள்களைச் செய்து குவித்த காலத்தில் அந்த வேகத்துக்கு உருவம் கொடுத்தவர்களில் ஒருவர். ஐம்பது வயதை ஒட்டி அவர் நின்று யோசிக்கத் தொடங்கினார். வாங்குவது, தூக்கிப் போடுவது, மறுபடி வாங்குவது என்ற சுற்றுக்காகவா வரைந்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றியது. 'நுகர்வோர்' என்ற சொல்லை விட்டுவிட்டு, ஒரு பொருளை விரும்பி நெடுநாள் வைத்துப் புழங்குபவர் என்று பொருள்படும் 'ஐயோஷா' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார். நாடு முழுக்கச் சுற்றி, பழைய கைக்கருவிகளையும் வீட்டுச் சாமான்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்தார். 1997-ல் அவர் இறந்தார். அந்தச் சேகரிப்பு இன்று ஒகெத்தோவில்தான் இருக்கிறது.

அவர் மலைக்கிராமங்களுக்குச் சொன்ன யோசனைக்கு 'உராசாகு கைவினை' என்று பெயர். உராசாகு என்பது வேளாண்மைச் சொல். நெல் அறுத்த வயலில் உளுந்து தெளிப்பதுபோல, முதல் விளைச்சலுக்கும் அடுத்த நடவுக்கும் நடுவே எடுக்கும் இரண்டாம் விளைச்சல். பனி மூடி, வயலில் வேலையில்லாத மாதங்களில் மரத்தில் கை வையுங்கள் என்றார் அவர். பெரிய தொழிற்சாலை வேண்டாம், பெரிய முதல் வேண்டாம், ஊரில் கிடைக்கும் மரமும் ஊரில் இருக்கும் ஆட்களும் போதும். 'ஒகெ கிராஃப்ட்' என்ற பெயரும் அவர் வைத்ததுதான்.

யோசனை சரி, கைக்குத் தொழில் வேண்டுமே? தெற்கே கியூஷு தீவின் ஓயிதாவைச் சேர்ந்த கடைசல் கலைஞர் தொகிமாத்சு தத்சுவோ வந்து கற்றுக்கொடுத்தார். முதலில் எடுத்த மரம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். எஸோமாத்சுவிலேயே 'அத்தே' என்று ஒதுக்கப்பட்ட பகுதியை எடுத்தார்கள்.

அத்தே என்றால் என்ன? மலைச்சரிவில் நிற்கும் ஊசியிலை மரம் மண் நகர்வாலும் பனியின் எடையாலும் மெல்லச் சாயும். சாய்ந்தபடியே இருந்தால் விழுந்துவிடும் என்பதால், தன்னை நிமிர்த்திக்கொள்ள அடிப்பக்கத்தில் மட்டும் தடித்து வளரும். அந்தப் பக்கத்து ஆண்டு வளையங்கள் அகலமாகவும் அடர்த்தியாகவும் செம்பழுப்பு நிறத்திலும் இருக்கும். உத்தரத்துக்கு அறுத்தால், காயும்போது அந்தப் பக்கம் மட்டும் நீளவாட்டில் சுருங்கி உத்தரம் வில்லாக வளைந்துவிடும். அதனால் வீடு கட்டுபவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். ஆனால் ஒரு சாண் அகலக் கிண்ணத்தில் அந்தச் சுருக்கம் பெரிதாகத் தெரியாது. வெளிறிய மரத்தில் செம்பழுப்பு வளையங்கள் பளிச்சென்று ஓடும். ஒரு மரம் விழாமல் இருக்கப் பட்ட பாடு முழுக்க அந்தக் கோடுகளில் எழுதியிருக்கும். ஒதுக்கப்பட்ட கட்டையை எடுத்து, அதில் ஊருக்கென்று ஒரு முகத்தைக் கண்டுபிடித்தார்கள்.

ஊசியிலை மரத்தைக் கடைவது லேசான வேலை இல்லை. வளையத்தின் ஒரு பாதி பஞ்சுபோல் மென்மை, மறுபாதி கெட்டி. உளி கொஞ்சம் மழுங்கினாலும் மென்பகுதி பிய்ந்து வரும். கடைசல் உளியைத் தாங்களே அடித்துத் தீட்டிக்கொள்வது ஜப்பானியக் கடைசல்காரர்களின் வழக்கம். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது. மென்மரத்தில் குழம்பும் எண்ணெயும் இறங்கிவிடும் என்ற சிக்கல் வேறு. மரத்துக்குள் ஊறி உள்ளேயே இறுகும் பூச்சைக் கொண்டு அதைத் தீர்த்தார்கள். மேலே அரக்கு நிறம் ஏறாமல், மரத்தின் வெளிறிய நிறம் அப்படியே தெரியும் கிண்ணங்கள் பிறந்தன. சிவப்பும் கறுப்புமான அரக்குக் கிண்ணங்களுக்குப் பழகிய ஜப்பானியருக்கு அந்த வெண்மை புதிதாக இருந்தது.

கிண்ணம் வந்தது சரி, குச்சியால் சாப்பிடும் நாட்டில் ஸ்பூன் எப்படி வந்தது? இதற்குள்ளும் ஒரு வரலாறு இருக்கிறது. நாரா நகரின் ஷோசோயின் கருவூலத்தில் 8-ம் நூற்றாண்டுப் பொருள்கள் ஏராளம் பாதுகாக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் வெள்ளீயம் அதிகம் கலந்த வெண்கல ஸ்பூன்களும் முந்நூறுக்கு மேல் உண்டு. கொரியத் தீபகற்பத்தின் சில்லா நாட்டிலிருந்து வந்தவை. அவற்றில் சில கட்டுகள் இன்றும் கயிறு பிரிக்காமலே இருக்கின்றன. அரண்மனையில் கொஞ்ச காலம் ஸ்பூனும் குச்சியும் சேர்ந்தே இருந்தன. கொரியாவில் ஸ்பூன் நிலைத்தது, ஜப்பானில் போய்விட்டது. மரக்கிண்ணம் கை சுடாது. கையில் தூக்கி வாயில் வைத்துக் குடிக்கலாம். கிண்ணமே ஸ்பூனின் வேலையைச் செய்யும்போது ஸ்பூன் எதற்கு? சமைக்கவும் பரிமாறவும் மரக்கரண்டிகள் இருந்தன. சோறு அள்ளும் தட்டைக் கரண்டிக்கு மியாஜிமா தீவு இன்றும் பெயர் பெற்றது. ஆனால் வாயில் வைக்கும் மர ஸ்பூன், ஜப்பானியச் சாப்பாட்டில் அண்மைக் காலத்து வரவு.

உலோக ஸ்பூன் மேற்கிலிருந்து வந்தது. நீகாத்தா மாநிலத்தின் சுபாமே நகரம் 1910-களில் அதைச் செய்யத் தொடங்கி, பிறகு அதிலேயே பேரெடுத்தது. போருக்குப் பின் பள்ளிச் சாப்பாட்டில், நுனி முள்கரண்டிபோல் பிளந்த ஒரு ஸ்பூனைக் குழந்தைகள் கையில் கொடுத்தார்கள். அது ரொட்டியும் சூப்பும் போட்ட காலம். 1976-ல் பள்ளிச் சாப்பாட்டில் அரிசிச் சோறு முறையாகச் சேர்க்கப்பட்டது. குழந்தைகள் தட்டின்மேல் குனிந்து சாப்பிடுகிறார்கள், குச்சி பிடிக்கத் தெரியவில்லை என்று பெரியவர்கள் கவலைப்பட்ட காலமும் அதுவே. இதற்குள் வீடுகளில் கறி ரைஸ், சூப், தயிர் எல்லாம் அன்றாடமாகிவிட்டன. உலோக ஸ்பூனால் மரக்கிண்ணத்தைச் சுரண்டினால் கீறல் விழும், காதுக்கும் கூசும். கிண்ணம் மரமானால் ஸ்பூனும் மரமாக வேண்டியதாயிற்று.

மர ஸ்பூனை வாயில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சுடவும் சுடாது, சில்லிடவும் சில்லிடாது. மரம் சூட்டைக் கடத்துவது மிகக் குறைவு. கொதிக்கும் கஞ்சியில் போட்டு எடுத்தாலும் உதடு பதறாது. பல்லில் பட்டாலும் வலிக்காது. எடையும் இல்லை. குழந்தைகளும், கை நடுங்கும் முதியவர்களும் இதை விரும்புவதற்கு அது போதும்.

செய்வதைப் பக்கத்திலிருந்து பார்ப்போம். எல்லா மரமும் ஸ்பூனுக்கு ஆகாது. ஓக் வகையான மிசுனாரா மரத்தில் நீர் ஏறும் துளைகள் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பெரியவை. அதில் சாப்பாடு போய் அடைந்துகொள்ளும். மேப்பிள், செர்ரி, பிர்ச் மரங்களின் துளைகள் நுண்மையாக எல்லா இடமும் பரவியிருக்கும். இழைத்தால் கல்போல் வழுவழுப்பாகும். அப்புறம் நார் ஓட்டம். காம்பின் நீளவாட்டிலேயே நார் ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் முதல் வாரத்திலேயே கழுத்தில் ஒடியும். காம்பும் குழிவும் சேரும் அந்தக் கழுத்துதான் ஸ்பூனின் உயிர்நிலை. மெல்லியதாக்கினால் அழகு, கூடுதலாக இழைத்தால் முடிந்தது. செய்பவர் அந்த இடத்தில் கத்தியை நிறுத்தி, இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்ப்பார்.

காய்ந்த பலகையில் வடிவத்தை வரைந்து, ரம்பத்தில் அறுத்து, முதலில் குழிவைத் தோண்டுவார்கள். பலகை தட்டையாக இருக்கும்போதுதான் அதைப் பிடித்து வேலை செய்ய முடியும். வெளிப்பக்கத்தை முதலில் உருட்டிவிட்டால் பிடிக்க இடமிருக்காது. வளைந்த உளி குழிவுக்குள் இரண்டு பக்கத்திலிருந்தும் நடுவை நோக்கி இறங்கும். ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால் அடியைத் தாண்டியதும் நார் எதிர்த்து நிற்கும், பிய்க்கும். பிறகு வெளிப்பக்கத்தைக் கத்தியாலும் சிறு இழைப்புளியாலும் உருட்டுவார்கள். உலோக ஸ்பூன் ஒரு தகடு, எவ்வளவு ஆழமாகவும் அழுத்தலாம். மரத்துக்குத் தடிமன் வேண்டும். ஆழமும் கொடுத்துத் தடிமனும் வைத்தால் வாய்க்குள் ஒரு கட்டை நுழைவதுபோல் இருக்கும். அதனால் நல்ல மர ஸ்பூன் ஆழம் குறைந்தது. விளிம்பு மட்டும் மெலிந்து வரும். மேலுதடு குழிவை ஒரே இழுப்பில் வழித்தெடுக்க வேண்டும். ஒரு பருக்கைகூட மூலையில் நிற்கக் கூடாது.

அடுத்து உப்புத்தாள். தேய்த்து வழுவழுப்பாக்கிய ஸ்பூனை வேண்டுமென்றே தண்ணீரில் நனைப்பார்கள். அமுங்கிக் கிடந்த நார்கள் எல்லாம் சிலிர்த்து எழும். காய்ந்ததும் மறுபடி தேய்ப்பார்கள், மறுபடி நனைப்பார்கள். இதைச் செய்யாமல் விற்றால், வாங்கியவர் வீட்டில் முதல் கழுவலிலேயே ஸ்பூன் சொரசொரப்பாகிவிடும். கடைசியாகப் பூச்சு. சிலர் வால்நட் எண்ணெய்போலத் தானாகக் காய்ந்து இறுகும் எண்ணெயைத் தேய்ப்பார்கள். சிலர் உருஷி என்ற ஜப்பானிய மரப்பாலைப் பூசுவார்கள். அது வெயிலில் காயாது, ஈரக்காற்றில்தான் இறுகும். பாலிலுள்ள ஒரு நொதி ஈரப்பதம் இருந்தால்தான் வேலை செய்யும் என்பதால், ஈரம் வைத்த அலமாரிக்குள் பூட்டி வைப்பார்கள். வாங்கியவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். தண்ணீரில் ஊறப்போட வேண்டாம், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம், கழுவியதும் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பூச்சு வெளுத்தால் சில சொட்டு எண்ணெய் மறுபடியும்.

அளவு பற்றி அகியோகா அடிக்கடி பேசியிருக்கிறார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் செங்கோணமாக விரித்துப் பாருங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு உள்ள தூரம் ஜப்பானிய வழக்கில் ஒரு 'அத்தா'. அதில் ஒன்றரை மடங்கு உங்கள் குச்சியின் நீளம். ஆளுக்கு ஆள் மாறும். ஜப்பானிய வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் குச்சி, தனிக் கிண்ணம் இருப்பது அதனால்தான் பொருள்படுகிறது. பத்தாயிரம் ஸ்பூனை ஒரே அச்சில் அழுத்தும் ஆலையால் இந்த அளவைத் தர முடியாது. பட்டறைக்காரரிடம் கையைக் காட்டி, காம்பைக் கொஞ்சம் தடியாக வையுங்கள் என்று சொல்ல முடியும்.

ஒகெத்தோ இந்தத் தொழிலை எப்படித் தாங்கிப் பிடிக்கிறது என்பதுதான் மற்ற ஊர்கள் கவனிக்க வேண்டிய இடம். 1988-ல் ஊராட்சி 'வனக் கைவினைக் கூடம்' ஒன்றைத் திறந்தது. பயிற்சியும் விற்பனையும் அங்கேதான். வெளியூரிலிருந்தும் ஆட்கள் வந்து தங்கிக் கற்கிறார்கள். கற்று முடித்தவர்கள் ஊரிலேயே சொந்தப் பட்டறை போட்டுக்கொள்ளலாம். தனி ஒருவர் ஸ்பூன் செதுக்கிப் பிழைப்பது மிகவும் கடினம். மரம் வாங்கி அடுக்கிக் காயவைக்க இடமும் ஆண்டுக்கணக்கான பொறுமையும் வேண்டும், கடைகளோடு பேச வேண்டும், பொதி கட்ட வேண்டும். அதில் பாதியை ஊர் தோளில் வாங்கிக்கொண்டால், மீதி நேரத்தில் அவர் செதுக்கலாம். கைவினை என்றால் தனிமனிதத் திறமை என்று மட்டும் பார்க்கிறோம். சுற்றியுள்ள இந்த ஏற்பாடு இல்லாமல் எத்தனை நல்ல கைகள் வேறு வேலைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

ஊருக்குள்ளேயும் ஒரு வாடிக்கை இருந்தது. ஒகெத்தோ பள்ளிகளில் மதியச் சாப்பாட்டைப் பிள்ளைகள் ஒகெ கிராஃப்ட் மரப் பாத்திரங்களில் சாப்பிடுகிறார்கள். விலையைப் பார்த்தால் பிளாஸ்டிக்கோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் பிளாஸ்டிக் தட்டைக் கீழே போடும் குழந்தைக்குத் தெரியாத ஒன்று, மரக்கிண்ணத்தை ஏந்தும் குழந்தைக்குத் தெரியும்: இதை நம் ஊரில் ஒருவர் செய்தார், இந்த மரம் அதோ அந்த மலையில் நின்றது.

அந்த மலையில் இப்போது எஸோமாத்சு தாராளமாக இல்லை. பெரிய மரங்கள் பெரும்பாலும் வெட்டுப்பட்டும் புயலில் சாய்ந்தும் போய்விட்டன. பட்டறைகளில் இன்று பிர்ச், மேப்பிள், செர்ரி எல்லாம் சேர்ந்து புழங்குகின்றன. எஸோமாத்சு திரும்ப வளர்வதும் அவசரமாக நடக்காது. அதன் விதை காட்டுத் தரையில் விழுந்தால், பனிக்கடியில் வளரும் பூஞ்சை பெரும்பாலும் நாற்றைத் தின்றுவிடும். காட்டில் விழுந்து பாசி பிடித்த ஒரு பழைய மரத்தின் முதுகில் விழுந்தால் பிழைக்க வாய்ப்பு அதிகம். ஹொக்கைடோ காட்டுக்குள் போனால், யாரோ கயிறு பிடித்து நட்டதுபோல் எஸோமாத்சுகள் ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். அடியில் கிடந்த தாய்க்கட்டை எப்போதோ மக்கிப்போயிருக்கும். வேர்கள் மட்டும் அது கிடந்த உயரத்துக்குத் தரையை விட்டு எழும்பி நிற்கும்.